ஈ இரவல் கேட்ட ஊர்

சிலுவைத்துறையின் ஈக்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போகத் தொடங்கிய அந்தக் கோடையில், சலேத்தம்மாளின் வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்து வெகு காலமாகியிருந்தது. கருவாடு காயும் கடற்கரையில் பெண்ணாய்ப் பிறந்தவள் நடக்கப் பழகும்போதே ஓலைக்கொத்தை வீசவும் பழகிவிடுகிறாள். பிறகு சாளை காயும்போதும் நெத்திலி காயும்போதும், மணமான பின்னும், பிள்ளை பெற்ற பின்னும், புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பின்னும், வெயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை களத்தின் நடுவே உட்கார்ந்து ஈயை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். ஈ போகிறது, வருகிறது. கை போகிறது, வருகிறது. இவற்றில் எது எதை ஓட்டுகிறது என்று ஒரு வயதுக்கு மேல் அவளுக்கே தெளிவாகத் தெரிவதில்லை. சலேத்தம்மாளுக்குத் தூக்கத்திலும் அந்தக் கை அசைந்தது. அவளுக்குத் தலை வாரிவிடுவது பக்கத்து வீட்டுப் பிரகாசியின் பொறுப்பாகிவிட்டிருந்தது. நகரத்து வைத்தியர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, ஏனென்றால் வைத்தியரும் மிகவும் களைத்துப்போயிருந்தார்.

ஊருக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தவன் கஸ்பார். அவனுடைய ஒற்றைச் சேனலில் சப்பரப் பவனியும் ஊர்க் கல்யாணங்களும் பழைய சினிமாக்களும் மாறி மாறி ஓடும். ஒரு நாள் மத்தியானம் சப்பரம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் படம் நின்றுபோகவே, அவன் கைக்கு அகப்பட்ட வேறொன்றை எடுத்துப் போட்டான். அது பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிய படம். எங்கேயோ குளிரான சதுப்பு நிலத்தில் எடுத்தது. சென்னையில் எவளோ ஒருத்தி தமிழில் குரல் கொடுத்திருந்தாள். திரை நிறையச் சிவப்பு மயிர் முளைத்த ஓர் இலை தெரிந்தது. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி நின்றது. “இதன் பெயர் அழுகண்ணி,” என்றது அந்தக் குரல். “நுனியில் நிற்பது பனியன்று, கண்ணீருமன்று. பசி.”

சலேத்தம்மாளின் காலடியில் இருந்த நெத்திலிக் கூடையை விட்டு ஓர் ஈ எழுந்து, திரையில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கடந்து உள்ளே கொஞ்ச தூரம் நடந்து, சிவப்பு மயிரில் ஒட்டிக்கொண்டது. இலை மெல்லச் சுருண்டு அதை மூடியது. பிறகு இன்னொன்று எழுந்தது. பிறகு கூடையே எழுந்தாற்போல் ஒரு கரும்புகை. சலேத்தம்மாள் அதிசயப்படவில்லை. ஈ எங்கே போனாலும் போகட்டும், மீனை விட்டுப் போனால் சரி என்பதே அவள் வாழ்நாள் முழுதும் வைத்திருந்த ஒரே வேண்டுதல். அது பலிக்கிறபோது எந்த வழியாகப் பலிக்கிறது என்று ஆராய்வது நன்றிகெட்ட செயல்.

தெருவில் கூச்சல் எழுந்தது. எல்லா வீட்டிலும் அதுவே நடந்துகொண்டிருந்தபடியால், என் வீட்டிலும் உன் வீட்டிலும் என்று சொல்லிக்கொள்ள எல்லாரும் வெளியே ஓடினார்கள். சலேத்தம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆகையால் சிலுவைத்துறையில் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தவள் அவள் ஒருத்திதான். இலைகளின் நடுவிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று மேலே, மேலே, செடியின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்துக்குப் போய், அங்கே சின்னஞ்சிறு வெள்ளைப் பூவாக விரிந்ததை அவள் பார்த்தாள். “தின்னும் இலை தரையோடு, பூக்கும் பூ உயரத்தில். மகரந்தம் கொண்டுவருகிற பூச்சியைத் தானே தின்றுவிடலாகாது என்று, தன் வாய்க்கும் தன் பூவுக்கும் நடுவே இவ்வளவு தூரத்தை இந்தச் செடி வளர்த்துக்கொள்கிறது,” என்றது குரல். பூச்சி வந்தது, பூவை மிதித்துத் திரும்பிப் போயிற்று, பூ மூடிற்று, புகையிலைத் தூள் போன்ற விதை உதிர்ந்தது. “விதை விழுந்த பிறகு செடி ஓய்ந்துவிடும்,” என்று சொல்லிவிட்டுக் குரலும் ஓய்ந்தது.

ஓர் ஊர் அற்புதத்துக்குப் பழகிக்கொள்ள ஆகும் நேரம், புது மருமகளுக்குப் பழகிக்கொள்ள ஆகும் நேரத்தைவிடக் குறைவு. அந்த வாரத்துக்குள்ளேயே பெட்டிகள் வீட்டை விட்டுக் களத்துக்கு வந்துவிட்டன. மணலில் பலகை போட்டு, பலகைமேல் பெட்டியை வைத்து, வெயில் படாமல் மேலே குடை கட்டி, தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்து, ஒவ்வொரு களத்தையும் ஒவ்வோர் அழுகண்ணி காவல் காத்தது. பெண்கள் அதற்குச் செவப்பி என்று பெயர் வைத்தார்கள். ‘எங்க செவப்பி காலையிலயே ஒரு படி ஈ தின்னுட்டா’ என்று ஒருத்தி சொன்னால், ‘எங்கவ தின்னுட்டுத்தான் வாயே தொறப்பா’ என்று அடுத்தவள் சொல்லுவாள். பங்குச் சாமியாரிடம் போய் இது சரியா என்று கேட்டார்கள். எகிப்துக்கு ஈக்கள் வந்தது தண்டனை என்று வேதத்தில் இருக்கிறது, ஈக்கள் போவதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று அவர் நெடுநேரம் யோசித்துச் சொன்னார். சொன்ன கையோடு பங்கின் தொலைக்காட்சிப் பெட்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் செய்தார், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அசனத்துக்கு அங்கேதான் சோறு பரிமாறுவார்கள்.

கஸ்பார் படத்தைச் செப்பனிட்டான். மலை வருகிற இடம், மழை வருகிற இடம், செடி எங்கெங்கே வளரும் என்று படம் போட்டுக் காட்டுகிற இடம் ஆகியவற்றில் ஈக்கள் உள்ளே போகாமல் கண்ணாடியின் மேல் தயங்கி நின்றன; அந்த இடங்களையெல்லாம் வெட்டினான். பூக்கிற இடத்தில் எதுவும் சாகவில்லை; அதையும் வெட்டினான். தின்பது மட்டும் மிஞ்சியது. இலை விரிந்தது, சுருண்டது, விரிந்தது. ‘பசி’ என்றது குரல். மறுபடியும் இலை விரிந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அது ஓடிற்று.

பெண்களுக்கு முதலில் ஓய்வெடுக்கத் தெரியவில்லை. உட்கார்ந்தால் கை தானாக வீசியது. கையின் மேலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு மெல்லக் கற்றுக்கொண்டார்கள். மத்தியானங்களில் களம் நெடுக முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு பெண்கள் படுத்திருப்பதைக் கடலிலிருந்து பார்த்த ஆண்கள், ஊரில் ஏதோ கொள்ளைநோய் என்று பதறிக் கரையேறியதும் உண்டு. சலேத்தம்மாளின் கை ஒரு நாள் காதைத் தொட்டது. பிறிதொரு நாள் உச்சியைத் தொட்டது. ஒரு காலையில் அவள் சீப்பை எடுத்துத் தானே தலை வாரி, தானே கொண்டை போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டு அவிழ்த்து, இன்னொரு முறை போட்டாள்.

“ஏ அக்கா, நீயே தலைய வாரிக்கிட்டா, ஊர்க்கதை பேச நான் எந்த சாக்குல ஒன்கிட்ட வருவேன்?” என்றாள் பிரகாசி.

“சும்மா வா,” என்றாள் சலேத்தம்மாள். சும்மா என்ற சொல்லை அவள் தன்னைச் சேர்த்துச் சொன்னது அதுவே முதல் தடவை.

பக்கத்து ஊரான பனைக்குடாவுக்குச் செய்தி போயிற்று. அவர்களுக்குக் கேபிள் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் தலையில் கூடையோடு கடற்கரை வழியே வந்து, எங்கள் மீனையும் உங்கள் களத்தின் ஓரத்தில் பரத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். இடம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனாலும் அற்புதம் வாய்த்த ஊருக்கு அதைப் பங்கிட மனம் வருவதில்லை. “கூடையோட கூட ஒங்க ஈயும்லா வரும்?” என்றாள் பிரகாசி. “எங்க செவப்பிக்குக் கண்ட ஈ சேராது. ஒங்க ஈய நீங்களே வளத்துக்கோங்க.” களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சலேத்தம்மாளும் உதட்டை மடித்துச் சிரித்தாள். பனைக்குடாப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார்கள்.

குரல் கம்மத் தொடங்கியதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு ‘பசி’ என்ற சொல் நடுவில் உடைந்தது. பிறகு, படத்தில் எந்த இடத்திலும் இல்லாத இருமல் ஒன்று அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கஸ்பார் ஒலியைக் கூட்டிவைத்தான். இலைகளின் நுனியில் துளிகள் சிறுத்தன, சிவப்பு, துருவின் நிறமாயிற்று, ஓரங்கள் கருகின. ஊரில் ஓர் ஈகூட மிச்சமில்லை; ஈ மட்டுமன்று, வண்டும் விட்டிலும் கொசுவும் இல்லை. அப்படியும் இலை விரிந்து சுருண்டது. உள்ளே ஒன்றும் இல்லாமலே சுருண்டு, ஒன்றும் இல்லாமலே விரிந்தது. நிறுத்தினால் அயலூரிலிருந்து ஈக்கள் வந்துவிடும் என்ற பயத்தில் யாரும் நிறுத்தவில்லை.

சலேத்தம்மாள் ஒரு மத்தியானம் களத்தில் சாய்ந்திருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிகிறது, சுருளுகிறது, போகிறது, வருகிறது. பார்க்கப் பார்க்க அவளுடைய ஆறிப்போன தோளுக்குள் ஏதோ வலித்தது. அந்தச் செடியின்மேல் அவளுக்கு அன்பு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே முதலாளியிடம் பகல் முழுதும் உழைத்த இரண்டு பெண்கள் வாசலில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறபோது என்ன இருக்குமோ, அதுதான் இருந்தது. அவள் எழுந்து கஸ்பாரின் அறைக்குப் போனாள்.

“ஏலே கஸ்பாரு, அந்தக் கடைசிப் பாகத்த வெட்டினியே, வச்சிருக்கியா, கடல்ல போட்டியா?”

“வச்சிருக்கேன் சித்தி. எதுக்கு? அதுல ஒரு ஈகூட சாவல. பூவு, காத்து, பின்னால ஒரு பாட்டு. அதப் போட்டா ஊரு என்னைய உப்புல போட்டுக் காய வச்சிரும்.”

“அந்தப் பொம்பள தொண்ட கம்மிப்போச்சு, கேட்டியாலே?”

“அது பதிஞ்சு வச்ச குரல் சித்தி. அதுக்கு ஏது தொண்ட?”

“தொண்ட இல்லாமலா இருமுது?”

கஸ்பாரும் அந்த இருமலைக் கேட்டு, வெளியே சொல்லாமல் இருந்தவன்தான். ஊரைக் கேட்டுக்கொண்டு செய்வோம் என்றான்.

மீன் ஏலம் போடுகிற கூடத்தில் ஊர் கூடிற்று. சலேத்தம்மாள் கூட்டத்தில் பேசிப் பழகியவள் அல்ல. தூணைப் பிடித்துக்கொண்டு பேசினாள். செடி வாடுகிறது, எல்லாரும் பார்க்கிறீர்கள். படத்தின் கடைசியில் அது பூக்கிறது, விதை விடுகிறது, நான் கண்ணால் பார்த்தேன். பூக்கவிடாமல் தின்னவைத்தால் எந்தச் செடிதான் தாங்கும் என்றாள்.

“பூக்குற நேரத்துல ஈ வந்து மீன்ல முட்ட போட்டா, புழுவ நீ பொறுக்குவியா அக்கா?” என்றாள் பிரகாசி.

“பொறுக்குதேன்.”

“ஈயே இல்லாத ஊர்ல முட்ட போட எதும்மா வரும்? பங்குச் சாமியா வருவாரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, சாமியாரும் சேர்ந்தே சிரித்தார்.

“விதை விழுந்தா புதுச் செடியா?” என்று கேட்டான் கஸ்பார்.

“விதைன்னா செடிதானே?”

“வீட்டுக்கு ஒண்ணு வருமா? நல்ல பசியோட?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். படத்தின் கடைசி வாக்கியம் அவள் நாக்கின்மேல் வந்து நின்றது. அதைச் சொன்னால் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும், செடி கருகிச் சாகும்வரை தின்றுகொண்டே இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அது ஓய்ந்தால் தன் கை மறுபடியும் காதுக்குக் கீழே இறங்கிவிடும் என்பதும் தெரியும். அந்தக் காலையில் போட்ட கொண்டை கழுத்தின்மேல் இறுக்கமாக, அழகாக உட்கார்ந்திருந்தது. “விதை வரும், அது மட்டும் எனக்குத் தெரியும்,” என்றாள். பொய் சொல்லவில்லை; உண்மையின் கடைசித் துண்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். ஊர் சம்மதித்தது.

மறுநாள் விடிந்ததும் கஸ்பார் வெட்டிய பாகத்தை ஒட்டிப் போட்டான். குரல் மூச்சு விடுவது எல்லாக் களத்திலும் கேட்டது. இலைகள் தரையோடு தழைந்தன. நடுவிலிருந்து தண்டு கிளம்பி, திரையின் மேல்விளிம்பை எட்டி, நிற்காமல் கண்ணாடிக்கு வெளியே வந்து, குடையை முட்டியது. குடைகளை அவிழ்த்து வழிவிட்டார்கள். களத்துக்குக் களம் தண்டுகள் எழுந்தன. படகுகளின் பாய்மரத்துக்கு ஈடாக எழுந்தன. கோயில் வாசலில் இருந்தது மணிக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்தது. வெயில் ஏறியபோது ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மொட்டு பாரம் தாங்காததுபோல் தலை சாய்ந்து, வெள்ளையாக விரிந்தது. இவ்வளவு தின்றது இந்தப் பூவுக்குத்தானா என்று கேட்குமளவுக்குச் சிறிய பூ.

“இப்போது பூச்சி வரும்,” என்றது குரல்.

எல்லாரும் காத்திருந்தார்கள். பூச்சி வரவில்லை. “இப்போது பூச்சி வரும்,” என்றது குரல் மறுபடியும், பேருந்துக்கு நிற்பவர் பேருந்து வரும் என்று சொல்லிக்கொள்வதைப்போல. உச்சி வெயிலுக்குப் பூக்கள் மூடிக்கொண்டன. மறுநாள் காலையில் விரிந்தன. அதே வாக்கியம், அதே காத்திருப்பு, அதே மூடல். பிரகாசி கோழி இறகை மூங்கிலின் நுனியில் கட்டிப் பூவைத் தடவிப் பார்த்தாள். அந்நியன் தொட்ட பெண்ணைப்போலப் பூ பட்டென்று மூடிக்கொண்டது. பிறகு ஊர் ஈ தேடப் புறப்பட்டது. மீன்தலைகளை வாசலில் குவித்தார்கள், வெல்லம் கரைத்துத் தெளித்தார்கள், பலாச்சுளையைப் பிளந்து வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் எவற்றை மூடி மூடி வைத்தார்களோ அவற்றையெல்லாம் திறந்து வைத்துவிட்டுத் தூரப் போய் நின்று பார்த்தார்கள். மீன்தலைகள் பலிபீடத்துப் பாத்திரம்போலச் சுத்தமாகக் கிடந்தன. மூன்றாம் காலையில் பூக்களின் ஓரம் மஞ்சளாயிற்று.

“பனைக்குடாவுல கேக்கலாம்,” என்றார் சாமியார். பிரகாசி தரையைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சலேத்தம்மாளைப் பார்த்தார்கள், ஏனென்றால் செடிக்காகப் பேசியவள் அவள்தான். ஓர் ஊர் தன் வெட்கத்தைச் சுமக்க ஆள் தேடும்போது, முதலில் வாய் திறந்தவரைத்தான் பிடிக்கும். அவள் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு கடற்கரை வழியே நடந்தாள்.

பனைக்குடாக் களத்தில் முதலில் அவளைக் கண்டவள் தொம்மையாள். சிறுமியாக இருந்தபோது சலேத்தம்மாளோடு ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை வாங்கியவள். அன்று கூடையோடு வந்து கூடையோடு திரும்பியவர்களில் முன்னால் நின்றவள். ஓலைக்கொத்தை வீசுவதை நிறுத்தாமலே பேசினாள்.

“யாரது, சிலுவைத்துறை மகாராணியா? காலு மணல்ல படுதே, பாத்து வாம்மா.”

“தொம்மையா, ஒரு உதவின்னு வந்தேன்.”

“எங்ககிட்ட டிவியும் இல்ல, செவப்பியும் இல்ல. இருக்கறது ஈ மட்டுந்தான்.”

“அதுதான் வேணும்.”

வீச்சு நின்றது. தொம்மையாள் பாட்டிலைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு களம் அதிரக் கூப்பிட்டாள். “ஏளா, எல்லாரும் வாங்க! ஈ இரவல் கேட்டு ஆள் வந்திருக்கு!” பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஆண் ஈ வேண்டுமா பெண் ஈ வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். சாளையில் உட்கார்ந்ததா, வாளையில் உட்கார்ந்ததா என்று இன்னொருத்தி கேட்டாள். கண்ட ஈ உங்களுக்குச் சேராதே, ஞானஸ்நானம் கொடுத்துத் தரவா என்றாள் மூன்றாமவள். சலேத்தம்மாள் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

“பூவுல உக்காரத் தெரிஞ்சதா வேணும்,” என்றாள் கடைசியில். அவள் குரலில் இருந்த அசதியைக் கேட்டுச் சிரிப்பு தானாக அடங்கிற்று.

“ஈ என்ன, அள்ளிக்கோ, எங்க பாட்டன் சொத்தா?” என்றாள் தொம்மையாள். “ஆனா சும்மா தர மாட்டேன்.”

“என்ன வேணும், சொல்லு.”

தொம்மையாள் ஓலைக்கொத்தை நீட்டினாள். “இதப் பிடி. நான் கொஞ்சம் சாயுதேன்.”

கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் போய்ப் படுத்தவள், தலை மணலைத் தொட்டதும் தூங்கிப்போனாள். சலேத்தம்மாள் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கை மறந்திருக்கவில்லை, எந்தக் கையும் இதை மறப்பதில்லை. முதலில் தோளில் வெறும் கனம் இருந்தது. பிறகு பழைய ஊசி, பழைய இடத்தில், பழைய கூர்மையோடு இறங்கிற்று. இடக்கைக்கு மாற்றலாம் என்று நினைத்தாள். தொம்மையாளும் வலக்கையால்தான் வீசியிருந்தாள் என்று மாற்றாமல் இருந்துவிட்டாள். வெயில் சாய்ந்து படகின் நிழல் நீண்டு அவள் கால்வரை வந்தபோது தொம்மையாள் எழுந்தாள். கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போலச் சற்று நேரம் கடலைப் பார்த்தாள்.

“இத்தன வருசத்துல பகல்ல தூங்கினது இன்னைக்குத்தான்,” என்றாள். பிறகு பாட்டிலை வாங்கி, மீனின்மேல் கவிழ்த்து, பழகிய கையால் ஒரே வீச்சில் ஈக்களை உள்ளே ஒதுக்கி மூடினாள். “இதக் கொண்டுபோய் விட்டா செடி விதைக்கும். விதைச்ச பொறவு?”

“ஓஞ்சிரும்.”

“பொறவு?”

“பொறவு ஈ வரும். பழையபடி.”

“ஒங்க ஊருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

தொம்மையாள் பாட்டில் மூடியை இன்னொரு முறை இறுக்கினாள். “கிறுக்கச்சி,” என்றாள். அதைத் திட்டுவதுபோல் சொல்லவில்லை. மூடியில் காற்றுக்காக ஆணியால் ஒரு துளை போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஊர் முழுவதும் சலேத்தம்மாளின் களத்தைச் சுற்றி நின்றது. பூக்கள் கடைசி முறையாக விரிந்தன என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் பாதிதான் விரிந்தன. “இப்போது... பூச்சி...” என்று குரல் தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றது. அன்று சலேத்தம்மாள் தலை வாரியிருக்கவில்லை, வலது கை எழவில்லை. இடக்கையால் மூடியைத் திருகினாள். ஈக்கள் உடனே பறக்கவில்லை. பாட்டிலின் விளிம்பில் வரிசையாக ஏறி நின்று, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு, இந்த ஊரா என்று யோசிப்பவைபோல் இருந்தன. குழந்தைகள் கைதட்டப் போனதை யாரோ அடக்கினார்கள். பிறகு ஒன்று எழுந்து பூவுக்குப் போயிற்று. மற்றவை தொடர்ந்தன. களம் விட்டுக் களம், பூ விட்டுப் பூ, படகு விட்டுப் படகு, கோயில் மணிக்கூண்டு வரைக்கும் அவை போய்வந்தன; எந்த ஊர் எவற்றை அழித்ததற்காக மகிழ்ந்ததோ, அந்த ஊர் அவற்றைத் தலை நிமிர்ந்து, வாய் திறந்து, தேர்பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் அவை இலைகளின்மேல் தாழ்ந்து பறந்தன. இலைகள் அசையவில்லை.

பூக்கள் மூடின. தண்டுகள் பழுத்து வளைந்தன. மணலில் கரிய தூள் உதிர்ந்தது. உதிர்ந்த மாத்திரத்தில் எது மணல், எது விதை என்று பிரிக்க முடியாமல் போயிற்று. திரைக்குள் இலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன.

“விதை விழுந்த பிறகு,” என்றது குரல், தெளிவாக, இருமலில்லாமல், “செடி ஓய்ந்துவிடும்.”

எல்லாப் பெட்டிகளும் ஒரு கணம் சாம்பல் நிறமாயின. பிறகு எங்கோ ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடத் தொடங்கிற்று. கஸ்பார் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பிரகாசி திரும்பினாள்.

“ஒனக்குத் தெரியும்லாக்கா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா பாட்டிலத் தூக்கிட்டுப் போன?”

சலேத்தம்மாள் மணலில் உட்கார்ந்தாள். பிரகாசிக்குக் கோபத்தில் கண் கலங்கிற்று. ஏசுவதற்குப் பெரிய சொல்லாக ஒன்றைத் தேடினாள். அதற்குள் அவள் பார்வை அவிழ்ந்து கிடந்த அக்காளின் தலைமயிரில் போய் நின்றது. அந்த நேரத்தில் ஓர் ஈ, மணிக்கூண்டுவரை போய்த் திரும்பியதாக இருக்கலாம், காலில் மஞ்சள் தூளோடு தாழ்ந்து வந்து, அவர்கள் முன்னால் பரத்தியிருந்த நெத்திலியின்மேல் உட்கார்ந்தது. பிரகாசியின் கை தானாக உயர்ந்தது. சலேத்தம்மாள் தன் இடக்கையால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“விடு,” என்றாள். “வேலை பாத்துட்டு வந்திருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போட்டும்.”